2030 ஜூன் 30 வரை

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை காலை, மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து என் வீட்டு வாசலில் இறங்கினார். பின்னால் மகள். இருவருக்கும் நடுவில் வெள்ளை உரப்பைக்குள் ஒரு கணினி. மண்முனைப் பாலம் தாண்டி, ஆரையம்பதி, காத்தான்குடிச் சந்தடியெல்லாம் கடந்து கல்லடி வரைக்கும் அந்தப் பிள்ளை அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். 2014இல் பாலம் வருவதற்கு முன் என்றால் மண்முனையில் பாதைக்குக் காத்துக் கிடந்திருக்க வேண்டும். பாதை என்றதும் வெளியூர்க்காரர்கள் ரோட்டு என்று நினைப்பார்கள். எங்கள் ஊரில் வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர்.

"சேர், டவுனில ரெண்டு கடையில காட்டிட்டன். எறிஞ்சிட்டுப் புதிசு வாங்கச் சொல்லுறாங்க. இதுக்கு உசிர் இரிக்கா எண்டு நீங்க ஒருக்காப் பாருங்க" என்றார். கொஞ்சம் நின்று, "இல்லாட்டியும் பரவாயில்ல. உள்ளுக்க அம்மன்ட பாட்டுக் கிடக்கு. அதையாவது எடுத்துத் தாங்க" என்றார்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐ.சி.ரி., அதாவது கணினிப் பாடம் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் வீட்டு விறாந்தையில் பழைய கணினிகளைத் திருத்திக் கொடுப்பது பல வருடப் பழக்கம். கூலி வாங்குவதில்லை. பாகம் ஏதும் மாற்றினால் அதன் காசு மட்டும். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு கணினி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இருக்கும் பிடிவாதம்தான் இதற்குக் காரணம். உயர்தரத்தில் ஐ.சி.ரி. எடுக்கிற பிள்ளை பைதன் நிரலைக் கொப்பியில் எழுதிப் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். மின்விசிறியின் இதழ்களில் தூசு கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. பவர் சப்ளைக்குப் பக்கத்தில் மூன்று பல்லி முட்டை, இரண்டு ஏற்கெனவே பொரித்து வெறும் கோது. சிப்புக்கும் அதன் மேல் உட்காரும் அலுமினியக் கட்டிக்கும் நடுவில் தடவியிருந்த பசை காய்ந்து, காறை பெயர்வது போல் பொடியாக உதிர்ந்தது. ராம் தகடுகள் இரண்டையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், தங்க நிறப் பற்களில் மங்கலான ஒரு படலம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று புகாத பெட்டி எங்கள் ஊரில் இல்லை. பென்சில் அழிறப்பரை அந்தப் பிள்ளையிடம் கொடுத்து, "மெதுவாத் தேய்ங்க மகள், ஒரே பக்கமா" என்றேன். எட்டுப் பத்துத் தரம் தேய்த்ததும் பற்கள் மினுங்கின. இரண்டு கடைகளிலும் திரையே வராத கணினி, தகடுகளைத் திரும்பச் செருகியதும் ஒரு தரம் "பீப்" என்று கூவிவிட்டு எழுந்தது. அந்த மனிதர் கதிரையில் இருந்து எழும்பி நின்றுவிட்டார்.

திரையில் திகதி 2009 ஜனவரி 1 என்று காட்டியது. தாய்ப்பலகையில் சில்லறைக் காசளவு ஒரு பற்றரி இருக்கும், சி.ஆர். 2032 என்பார்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் கணினியின் மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். அது செத்தால் ஒவ்வொரு தடவையும் கணினி தான் பிறந்த நாளுக்கே போய்விடும். இது சின்ன விசயமாகத் தெரியலாம். ஆனால் இணையத்தளங்கள் தங்களை அடையாளம் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 2009இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் எல்லாமே இன்னும் பிறக்காத சான்றிதழ். பிரௌசர் ஒவ்வொரு பக்கத்துக்கும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று மறித்துவிடும். "இன்டர்நெட் வேலை செய்யுதில்ல" என்று வரும் கணினிகளில் ஒரு பங்குக்கு வருத்தம் இந்தப் பற்றரிதான். மணிக்கூடு திருத்துகிற எந்தக் கடையிலும் கிடைக்கும்.

சரி, இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். கோர் 2 டுவோ சிப், இரண்டு ஜி.பி. ராம். பிள்ளையின் மாமன் கட்டாருக்குப் போகுமுன் 2010இல் வாங்கியது. உள்ளே விண்டோஸ் 7. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்துவிட்டது. ஆறு வருடமாக ஒரு ஓட்டையும் அடைபடாத இயங்குதளம்.

ஆதரவு முடிந்தால் என்ன, ஓடத்தானே செய்கிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓடும்தான். என் கதையைச் சொல்கிறேன். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8உடன் நின்றது. எங்கள் கணினி அறையில் அதற்குப் பிறகும் அதையே ஓட்டினோம். பிள்ளைகளின் பென் ட்ரைவ்கள் வழியாக அந்த ஷோர்ட்கட் வைரஸ் வந்தது, கோப்புறைகளை எல்லாம் மறைத்துவிட்டு அவற்றின் பெயரில் வெறும் குறுக்குவழிகளை வைத்துவிட்டுப் போகுமே, அதுதான். ஒரு தவணைப் பரீட்சைக்கு நாங்கள் மூன்று பேர் தட்டச்சு செய்து வைத்திருந்த வினாத்தாள்கள் அத்தனையும் போயின. மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கொண்டுபோன கடை போமட் அடித்து, இன்னொரு திருட்டு விண்டோசைப் போட்டுக் கொடுத்தது. அன்றிரவு லாம்பு வெளிச்சத்தில் வினாத்தாள்களைக் கையால் எழுதினோம். அதன் பிறகுதான், விண்டோசுக்குப் பதிலாக யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் பக்கம் வந்தேன். வேகத்துக்காகவும் இல்லை, அழகுக்காகவும் இல்லை. எந்தத் திகதி வரை ஒருவர் இதைக் கவனித்துக்கொள்வார் என்று எழுத்தில் சொன்னார்களே, அதற்காக.

பழைய கணினியை வைத்திருப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதைத்தான். சிப் என்ன, ராம் எத்தனை என்று கேட்பதற்கு முன் அந்தத் திகதியைக் கேளுங்கள்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை எடுத்துக்கொள்வோம். 1993இல் இயன் மேர்டொக் என்ற மாணவர் தொடங்கிய திட்டம். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும். ஒரு பதிப்பு வெளிவந்தால் மூன்று வருடம் டெபியனின் பாதுகாப்புக் குழு அதைப் பார்த்துக்கொள்ளும். அதற்குமேல் இரண்டு வருடம் நீண்டகால ஆதரவுக் குழு பொறுப்பெடுக்கும், எல்.டி.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். மொத்தம் ஐந்து வருடம். இந்த எல்.டி.எஸ். ஏற்பாடு 2014இல் டெபியன் 6இல் தொடங்கியது. யார் செய்கிறார்கள், யார் காசு கொடுக்கிறார்கள் என்பதும் ஒளிவுமறைவு இல்லை. டெபியனைத் தங்கள் சேவையகங்களில் ஓட்டும் நிறுவனங்கள் பணம் தருகின்றன. பிரீக்சியன் என்ற நிறுவனம் அதைத் திரட்டி, திருத்துகிற பங்களிப்பாளர்களுக்கு மணித்தியாலக் கணக்கில் கொடுக்கிறது. எங்கோ ஐரோப்பாவில் ஒரு கம்பனி தன் சேவையகத்துக்காகக் கொடுக்கும் காசில் அடைபடும் ஓட்டை, கொக்கட்டிச்சோலையில் இருக்கும் கணினியிலும் அடைபடுகிறது. ஒரு சதமும் கேட்காமல். இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட நாளில் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

வேலை நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். மென்பொருளில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால், அதை எழுதியவர்கள் பெரும்பாலும் புதிய பதிப்பில் திருத்தி வெளியிடுவார்கள். புதிய பதிப்பு என்றால் புதிய வசதிகள், புதிய பாரம், புதிய பிழைகளும் கூடவே வரும். டெபியன் நிலைப் பதிப்பில் அப்படி முழுவதையும் மாற்றுவதில்லை. அந்தத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்புக்குள் பொருந்துமாறு வைத்துத் தைக்கிறார்கள். கூரை ஒழுகினால் ஒழுகும் இடத்தில் ஒரு கிடுகைச் செருகுவோம், கூரை முழுவதையும் பிரித்து மேய மாட்டோமே, அப்படி. அதனால்தான் இரண்டு ஜி.பி. ராம் உள்ள கணினி நிறுவிய நாளில் எப்படி ஓடியதோ, நாலாம் வருடமும் கிட்டத்தட்ட அப்படியே ஓடுகிறது. பிரௌசர் இதற்கு விதிவிலக்கு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பழைய பதிப்பு என்றால் ஆபத்தான பதிப்பு என்று நினைப்பவர்களுக்கு 2024ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று நடந்ததைச் சொல்வேன். மார்ச் 29. அன்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியியலாளர், தன் சோதனைக் கணினியில், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக உள்நுழையும்போது அரை வினாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். வேறு யாராக இருந்தாலும் அரை வினாடிதானே என்று விட்டிருப்பார்கள். அவர் விடாமல் நோண்டிப் பார்த்ததில், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ ஒரு கள்ள வாசல் வைத்திருப்பது தெரிய வந்தது. வைத்தவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாகப் பங்களித்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பாளர் ஆனவர். புதிது புதிதாகப் போட்டுக்கொள்ளும் சோதனைப் பதிப்புகளில்தான் அது புகுந்திருந்தது. டெபியன் 12இல் இருந்தது 5.4.1. என் விறாந்தையைத் தாண்டிப் போன கணினிகளில் ஒன்றிலும் அந்த வாசல் இல்லை. அன்றிரவு கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

கொப்பி என்றேனே, அது தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி. கணினிக்கு ஒரு வரி. யாருடையது, எந்த ஊர், என்ன சிப், என்ன பதிப்பு, எந்தத் திகதி வரை. கடைசி நிரலைச் சிவப்புப் பேனாவால் எழுதுவேன். வருடத்தில் இரண்டு தரம் அதைப் புரட்டி, திகதி கிட்டியவர்களுக்கு அழைப்பெடுப்பேன். டெபியன் 11இல் இருப்பவர்களுக்கு 2026 ஓகஸ்ட் 31. டெபியன் 12க்கு 2028 ஜூன் 30. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13க்கு 2030 ஜூன் 30. சில வீடுகளில் உபுண்டு என்ற இன்னொரு லினக்சைப் போட்டிருக்கிறேன். அதில் இரட்டைப்படை வருட ஏப்ரலில் வரும் எல்.டி.எஸ். பதிப்புக்கு ஐந்து வருடம், தனிப்பட்ட பாவனைக்கு ஐந்து கணினிகள் வரை இலவசமாகத் தரும் புரோ கணக்கை இணைத்தால் பத்து வருடம். விண்டோசுக்குப் பழகிய கண்ணுக்கு லினக்ஸ் மின்ட் சுகம். அதன் 22 வரிசைக்கு 2029 வரை. எது நல்லது என்று கேட்டு மண்டையை உடைக்க வேண்டாம். பக்கத்தில் உங்களுக்கு உதவக்கூடியவர் எதைப் போடுகிறாரோ அதையே போடுங்கள்.

இரண்டு கடைகள் கைவிட்ட அந்தக் கணினிக்குத் திரும்புவோம். ஹாட் டிஸ்க்கில் பழுதான பகுதிகள் இருந்தன. அதிலிருந்து விண்டோசைத் தொடங்கவே விடவில்லை. ஒவ்வொரு தொடக்கமும் அந்தத் தட்டுக்கு ஒரு தண்டனை. பென்னிலிருந்து லினக்சை ஏற்றி, டிடி-ரெஸ்கியூ என்ற கருவியால் முழுத் தட்டையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன். படிக்க முடிந்த இடத்தை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களுக்கு மறுகா மறுகாத் திரும்பி வரும் பொறுமையான கருவி அது. இரவு முழுக்க ஓடியது. காலையில் ஒரு சிறு துண்டு மட்டும்தான் மிச்சம்.

பாட்டு இருந்தது. அவர்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கில், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திக்குப் பாடுவது. ஊரில் இருந்த ஓர் ஏட்டைப் பார்த்துப் பிள்ளையின் மாமன் தட்டச்சு செய்தது. ஏடு பிறகு ஒரு வெள்ளத்தில் போய்விட்டதாம். கோப்பைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அவர் முகம் வாடிவிட்டது. "பழுதாப் போச்சா சேர்?" எனக்கோ சந்தோசம். புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. அது பாமினி எழுத்துரு. இலங்கையில் ஒரு தலைமுறையே பாமினியில்தான் தட்டச்சுப் பழகியது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மறைந்து அடியில் இருக்கும் ஆங்கிலம் மட்டும் தெரியும். லிப்ரே ஒபிசில் அந்த எழுத்துருவைத் தெரிவு செய்ததும் முதல் வரியே "தாயே" என்று விழுந்தது. பிறகு எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டு, ஒரு பிரதி பென்னில், ஒரு பிரதி அச்சில், ஒரு பிரதி கோயிலைப் பராமரிக்கும் வண்ணக்கருக்கு. கட்டற்ற மென்பொருளை நான் ஏன் இப்படி நேசிக்கிறேன் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு காலையைச் சொல்வேன். பதினாறு வருடத்துக்கு முந்திய கோப்பைத் திறக்க எனக்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டோம். பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதைப் போல் பலன் தருவது வேறில்லை. டெபியன் 13, அதன் மேல் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஈ மேசைத்தளம். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே இறங்கும்படி வைத்தேன். டேட்டாவுக்குக் காசு எண்ணிப் போடும் வீடு என்பதால் இதையும் யோசிக்க வேண்டும். இயங்குதளத்தின் கருவான கேர்னல், பிரௌசர் இரண்டும்தான் பாரமானவை, மற்றவை சின்னச் சின்னப் பொதிகள். பெரியவற்றுக்குச் சனிக்கிழமை என் வீட்டுக்குக் கொண்டு வரலாம். ஒரு தடவை இறங்கிய பொதியைச் சேமித்து, அடுத்தடுத்த கணினிகளுக்குப் பரிமாறும் ஏற்பாடு ஒன்றை இங்கே வைத்திருக்கிறேன்.

அப்பா ஒரு கேள்வி கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். "சும்மா தாற சாமான் தரமா இரிக்குமா சேர்?" கல்லடியில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குச் சுலபம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து எங்கள் கரையை அள்ளிக்கொண்டு போனபோது, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவதற்காக இலங்கையின் மென்பொருள் ஆட்கள் சில கிழமைகளுக்குள் சகானா என்ற மென்பொருளை எழுதினார்கள். கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டார்கள். அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010இல் ஹெயிட்டிக்கும் அது உதவப் போனது. எங்கள் நாட்டில் எங்கள் துயரத்திலிருந்து பிறந்தது, விலையில்லாமல் கடல் கடந்து போய் அழுதவர்களுக்கு உதவியது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப செரி" என்றார். அவருக்கும் அந்த அலையில் ஆட்கள் போயிருப்பார்கள் போல. நான் கேட்கவில்லை.

எல்லாப் பழைய கணினியையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பென்டியம் 4 மேசைக்கணினியோடு கண்ணாடிக் குழாய்த் திரையும் கொண்டு வந்தால், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அவற்றில் பல சிப்புகள் தனியாகவே 80 வாட்டுக்கு மேல் குடிக்கும், திரை வேறு. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறி, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறியபோது அப்படி ஒரு கணினியை வைத்திருந்த வீட்டில் பில்லைப் பார்த்து அழுதார்கள். கட்டணம் பிறகு இறங்கியது. இருந்தாலும் ஏழை வீட்டுக்கு மின்சாரம் தின்னும் கணினியைக் கொடுப்பது உதவியே அல்ல. வீங்கிய கபாசிட்டர் உள்ள தாய்ப்பலகைகளையும் திருப்பி அனுப்பிவிடுவேன். மாற்றலாம்தான், ஆனால் ஒன்று வீங்கினால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம்.

அதே 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. ரூபாய் சரிந்து புதிய மடிக்கணினி விலை வாத்தியார் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அந்த வருடம்தான் என் கொப்பியில் அதிக வரிகள். அலமாரிக்கு மேலே, கட்டிலுக்கு அடியில் கிடந்தவை எல்லாம் இறங்கி வந்தன. எதையும் எறியாத வீடுகளுக்கு அன்று கை கொடுத்தது அந்தப் பழக்கம்தான். இப்போது விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்குப் போக டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும். ஆக ஏழாம் தலைமுறை வரையான நல்ல கணினிகள், நாலு ஜி.பி., எட்டு ஜி.பி. ராம் உள்ளவை, அலுவலகங்களிலிருந்து கழிவு விலைக்கு வருகின்றன. என் கண்ணுக்கு அவை புதுக் கணினிகள். உங்கள் ஊர்ப் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ யாராவது கொடுக்க முன்வந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

எனக்குக் கவலை தருவது பழைய வகைச் சிப் உள்ள 32 பிட் கணினிகள். எங்கள் பக்கத்து வாசிகசாலைக்குக் கொடுத்திருக்கும் சின்ன மடிக்கணினி ஒன்று இருக்கிறது. 2008 காலத்து ஆட்டம் என்270 சிப், ஒரு ஜி.பி. ராம். சிப் குடிப்பது இரண்டரை வாட் மட்டும். கையடக்கமாக, அமைதியாக, சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கும். அந்தச் சிப்புக்கு 64 பிட் தெரியாது. டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவியும் இல்லை, கேர்னலும் இல்லை. டெபியன் 12தான் அதற்குக் கடைசி வீடு. 2028 ஜூன் 30 என்று சிவப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் பிரௌசருக்கு வேறு திகதி. 32 பிட் லினக்சுக்கான பயர்பொக்ஸ் பிரௌசரை, அதை உருவாக்கும் மொசில்லா 144ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. நீண்டகாலப் பதிப்பான 140க்கு மட்டும் 2026 செப்டெம்பர் வரையாவது திருத்தம் வரும் என்றார்கள். இயங்குதளத்துக்கு 2028 வரை இருக்கிறது, இணையத்துக்குக் கதவான பிரௌசருக்கு 2026 வரைதான் உறுதி.

இது எனக்கு வருத்தம்தான். கோபம் இல்லை. சோதித்துப் பார்க்க ஆளும் கணினியும் குறைந்துகொண்டே போகும்போது எத்தனை நாளைக்கு இழுப்பார்கள்? பதினெட்டு வருடம் ஒரு சிப்பைக் கைவிடாமல் வைத்திருந்தார்களே. நிற்கப் போகிறது என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். திகதி தெரிந்தால் ஆயத்தம் செய்யலாம்.

மறுநாள் மாலை அப்பாவும் மகளும் கணினியை அதே உரப்பையில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். கொப்பியில் வரி எழுதும்போது அந்தப் பிள்ளை கிட்ட வந்து பார்த்து, "அது என்ன சேர், 2030 ஜூன் 30?" என்றாள். சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள். அடுத்த வருடம் உயர்தரம், அப்புறம் கம்பஸ் கிடைத்தால் மூன்றாம் வருடம் வரைக்கும் வரும் என்றாள். "கணினி அதுவரைக்கும் கிடக்குமா சேர்?" என்று அப்பா கேட்டார். இரும்புக்கு நான் பொறுப்புச் சொல்ல ஏலாது, உள்ளே இருப்பதைத் திருத்த அதுவரை ஆள் இருக்கிறது என்றேன். அவள் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

வாசிகசாலை மடிக்கணினிக்கும் ஒரு வழி பார்த்திருக்கிறேன். செப்டெம்பருக்குப் பிறகு அதற்கு இணையம் வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இணையம் இல்லாமலே வாசிக்கும்படி கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாக இறக்கி வைத்தாயிற்று. ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரையான பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து இறங்கிவிட்டன. எங்கள் நாட்டுத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் தளத்தில் மட்டக்களப்பு பற்றிய நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் தேடித்தேடிச் சேர்க்கிறேன், அதில் இன்னும் பாதி வேலை கிடக்கிறது. குளிர்த்திப் பாட்டையும் அதில் போடலாமா என்று வண்ணக்கரிடம் கேட்டிருக்கிறேன். சடங்கு முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்றார்.